இரவு ஒன்பது மணிக்கு எத்தனை மாவட்டங்கள் தெரிகின்றன?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விஸ்காமும் இதழியலும் படிக்கும் மாணவ மாணவியருக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,



உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். தமிழ்த் தொலைக்காட்சிச் செய்திகளில் எவ்வளவு பன்மை இருக்கிறது, அதில் எவ்வளவு ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர்கிறது என்பதை அளந்து, ஆண்டுதோறும் பொதுவில் வைக்கும் வேலை. இதை அரசு செய்யக் கூடாது. செய்தால் அது தணிக்கைக்கு முதல் படியாகிவிடும். சேனல்கள் தங்களைத் தாங்களே இப்படி அளந்துகொள்ளப் போவதில்லை. விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. ஆளும் நேரமும் கணினியும் கற்பிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது உங்கள் துறைகளில்தான்.

தொலைக்காட்சித் துறைக்கு அளக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பார்க் நிறுவனம் 2015 ஏப்ரல் முதல், தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் பொருத்தி, எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து வருகிறது. சேனல்களின் ஒலியில் நம் காதுக்கு எட்டாத ஓர் அடையாளக் குறி கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். டிவி முன் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தமக்குரிய பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். வியாழக்கிழமை எண்கள் வரும். செய்தி அறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் அந்த வியாழக்கிழமைகளை நான் அறிவேன். எந்த நிகழ்ச்சியில் ரேட்டிங் கோடு ஏறியது, எதில் இறங்கியது, இறங்கியபோது திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பேச்சு போகும். ஒரு கரும்பு விவசாயியின் ஃபோனோ ஓடிய நேரத்தில் கோடு சரிந்திருந்தால், அடுத்த வாரம் ரன் டவுனில் அந்த மாதிரி ஃபோனோவுக்கு இடம் இருக்காது. யாரும் வேண்டாம் என்று உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். அது தானாகவே இல்லாமல் போகும்.

2020 அக்டோபரில் டிஆர்பி முறைகேட்டுப் புகாரை மும்பைக் காவல்துறை வெளியிட்டதும், செய்திச் சேனல்களின் தனித்தனி எண்களை பார்க் நிறுத்தி வைத்தது. 2022 மார்ச்சில், நான்கு வாரச் சராசரியாக அவை மீண்டும் வந்தன. அந்தப் பதினேழு மாதமும் எண்கள் மெய்யா பொய்யா என்றுதான் வாதம் நடந்தது. முழுக்க மெய்யாகவே இருந்தாலும் அந்த எண் நமக்கு எதைச் சொல்கிறது என்ற கேள்வி எழவே இல்லை. ஒரு சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அது சொல்லும். பார்த்தவர்கள் புதிதாக எதை அறிந்தார்கள், யார் குரலைக் கேட்டார்கள், எந்த ஊரைக் கண்டார்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

இந்தியாவில் அனுமதி பெற்ற தனியார் செயற்கைக்கோள் சேனல்கள் 900-ஐ ஒட்டி இருக்கின்றன. பன்மை குறித்துப் பேச்செடுத்தால் உடனே இந்த எண்தான் பதிலாக வரும். தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்டால் பட்டியல் இன்னும் உறுதியாக வரும். 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி. பிறகு ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன் என்று கட்சிகளோடு சேர்த்தே மக்கள் அடையாளம் காணும் சேனல்கள். 2011-இல் புதிய தலைமுறை, அதன் பின்னே தந்தி, நியூஸ்7, நியூஸ்18, நியூஸ் ஜெ என்று செய்திக்கென்றே வந்தவை. கட்சிக்கு ஒரு சேனல் என்ற இந்த நிலை இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு விரிவாக இல்லை என்றே நினைக்கிறேன். உரிமையாளர்களை எண்ணினால் இங்கே பன்மைக்குக் குறைவே இல்லை.

ஆனால் பன்மை ஒரே இடத்தில் இருப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஃபிலிப் நாப்போலி 1999-இல் எழுதிய கட்டுரையில் அதை மூன்றாகப் பிரித்தார்: யார் கையில் ஊடகம் இருக்கிறது, அது எதை ஒளிபரப்புகிறது, பார்ப்பவர் எதை எதிர்கொள்கிறார். முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வரும், இரண்டாவது வந்தால் மூன்றாவதும் வரும் என்று அரசுகளும் ஆணையங்களும் நெடுங்காலம் நம்பியே கொள்கை வகுத்தன. அந்த நம்பிக்கையைச் சோதிக்கத் தமிழ்நாட்டை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பத்து உரிமையாளர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வு. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு அது ஒரு செல்வம். வாக்கு எண்ணும் நாளில் நம் வீடுகளில் இதைப் பார்க்கலாம். இந்தச் சேனலில் யார் முன்னிலை, அந்தச் சேனலில் யார் முன்னிலை என்று தாவித் தாவிப் பார்த்து, உரிமையாளர் யார் என்பதையும் கணக்கில் சேர்த்து, நடுவில் ஓர் உண்மையைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் அதே வீடு ஒரே சேனலில் நின்றுவிட்டால், வெளியே இருக்கும் மற்ற ஒன்பது உரிமையாளர்களும் அந்த வீட்டைப் பொறுத்தவரை இல்லாதவர்கள்தான்.

அந்த வீடு நின்றுவிடுகிறதா, தாவுகிறதா என்பதை ரேட்டிங் அட்டவணையால் சொல்ல முடியாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஓர் ஊரில் இரண்டே செய்திச் சேனல்கள், பார்க்கும் நேரத்தில் இரண்டுக்கும் ஆளுக்குப் பாதிப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் பாதி வீடுகள் முதல் சேனலை மட்டுமே பார்த்து, மீதிப் பாதி இரண்டாவதை மட்டுமே பார்த்தாலும் அட்டவணையில் 50, 50 என்றுதான் வரும். எல்லா வீடுகளும் இரண்டையும் சரிபாதி பார்த்தாலும் அதே 50, 50 தான். முதல் ஊரில் வேறு வேறு சேனல் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு செய்திகூட இல்லாமல் போகலாம். இரண்டாவது ஊரில் எல்லோரும் இரு தரப்பையும் கேட்டிருப்பார்கள். ஒரே எண், முற்றிலும் வேறான இரண்டு சமூகங்கள். மீட்டர் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனித்தனியாகத்தான் தரவை எடுக்கிறது. ஆகவே இந்த வேறுபாடு மூலத் தரவில் இருக்கிறது. கூட்டிச் சராசரி போடும்போதுதான் அது அழிந்துபோகிறது. வீடுகளின் அடையாளம் எதுவும் வெளிவராமல், ஒரு சராசரிச் செய்திப் பார்வையாளர் வாரத்துக்கு எத்தனை செய்திச் சேனல்களைப் பார்க்கிறார் என்ற ஒற்றை எண்ணை வெளியிட்டால்கூட, தமிழ்நாட்டின் பொதுவாழ்வைப் பற்றி இன்று நமக்குத் தெரியாத ஒன்று தெரியவரும். அதைக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்று நான் கருதுகிறேன். உங்கள் துறைத் தலைவர்கள் கையெழுத்திட்டு அதைக் கேட்க வேண்டும்.

எண்ணும் முறைக்கு வருகிறேன். இது கடினமான கணக்கு இல்லை. எட்வர்ட் சிம்ப்சன் 1949-இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை இதற்குப் போதும். காட்டில் எத்தனை வகை உயிரினம் என்று கணக்கிடுபவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மணி நேரச் செய்தியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடத்தை எடுங்கள். அதை வைத்துவிட்டு, அதே ஒரு மணி நேரத்திலிருந்து மறுபடி ஒன்றை எடுங்கள். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? நாற்பது நிமிடம் ஒரு கட்சியின் உட்பூசல், பத்து நிமிடம் மழை, பத்து நிமிடம் கிரிக்கெட் என்றால், ஒவ்வொரு பங்கையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் சரியாக ½ வரும். அதைத் தலைகீழாக்கினால் 2. பெயருக்கு மூன்று பொருள்கள் இருந்தாலும், பார்ப்பவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு இரண்டு பொருள்கள்தான். மூன்றுக்கும் இருபது இருபது நிமிடம் கொடுத்திருந்தால் முழுதாக 3 வந்திருக்கும். கிளாட் ஷானன் 1948-இல் தந்த என்ட்ரோபிக் கணக்கும் உண்டு. அரிதாக வரும் பொருள்களுக்கு அது இன்னும் கூர்மையாக மதிப்புக் கொடுக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இதை ஒரு சேனலுக்குள் போடுவதோடு நிறுத்தக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு ஆறு செய்திச் சேனல்களை ஒன்றாக அடுக்கிப் போட வேண்டும். ஆறிலும் அன்று ஒரே தலைவரின் ஒரே அறிக்கை மீது விவாதம் என்றால், ஆறு சேனல்களின் மதிப்பு ஒன்று. இது ஏன் நடக்கிறது என்பதைப் பொருளியல் அறிஞர் ஹெரால்ட் ஹோட்டலிங் 1929-இலேயே விளக்கிவிட்டார். ஒரே தெருவில் இரண்டு கடைக்காரர்கள் இருந்தால், ஆளுக்கொரு முனையில் கடை போடாமல், வாடிக்கையாளரை ஒருவரிடமிருந்து ஒருவர் பறிக்க நடுத்தெருவில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். 1952-இல் பீட்டர் ஸ்டைனர் அதையே வானொலிக்குப் பொருத்திக் காட்டினார்: பெருங்கூட்டத்தில் கிடைக்கும் பங்கு சிறு கூட்டம் முழுவதையும்விடப் பெரிதாக இருக்கும் வரை, போட்டியாளர்கள் எல்லாரும் பெருங்கூட்டம் விரும்பும் ஒரே வகை நிகழ்ச்சியைப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள், சிறு கூட்டம் விரும்புவதை யாரும் தரமாட்டார்கள். போட்டியே பன்மையைத் தரும் என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

எங்கள் தலைமுறைக்கு இதன் மறுபக்கமும் தெரியும். தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் உரிமையாளர் ஒருவர், அவரும் அரசு. செய்தியில் அரசை எதிர்த்து ஒரு சொல் வராது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியை நகரத்து வீடுகளும் பார்த்தன. அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்த நேரத்தில் நெல் நோயைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் மார்கஸ் பிரையர் 2007-இல் எழுதிய நூல் இதைத் தரவோடு காட்டுகிறது: கேபிள் வந்து தேர்வு கூடியபோது, பொழுதுபோக்கை விரும்பியவர்கள் செய்தியிலிருந்து அடியோடு விலகிப் போனார்கள், செய்தியை விரும்பியவர்கள் முன்பைவிட அதிகம் பார்த்தார்கள். ஒளிபரப்பில் பன்மை கூடி, பார்வையில் பன்மை குறைந்தது. இரண்டையும் ஒருசேர அளக்காவிட்டால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

அளப்பதில் ஏமாந்தவர்களின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 2003-இல் ஊடக உரிமை விதிகளைத் தளர்த்தியபோது, பன்மைக் குறியீடு என்று ஒன்றை உருவாக்கியது. தொழில்துறையில் சந்தைக் குவிப்பை அளக்கும் ஹெர்ஃபிண்டால் குறியீட்டை எடுத்து ஊடகத்துக்குப் பொருத்தினார்கள். ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்துக்கும், எத்தனை பேர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சம மதிப்பு. விளைவு: நியூயார்க் பகுதியில் ஒரு சமுதாயக் கல்லூரியின் தொலைக்காட்சி நிலையம், கருத்துப் பன்மைக்கு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தைவிட அதிகம் பங்களிப்பதாகக் கணக்கு வந்தது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஆணையமும் பிறகு அந்தக் குறியீட்டைக் கைவிட்டது. சூத்திரத்தில் பிழை இல்லை. எதை எண்ணுகிறோம், எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை யோசிக்காமல் எண்ணியதில்தான் பிழை.

ஜெர்மனி வேறு வழியில் போனது: ஒரு நிறுவனத்தின் சேனல்கள் சேர்ந்து ஆண்டுச் சராசரியில் 30 சதவீதப் பார்வைப் பங்கை எட்டினால், அது கருத்துலகை ஆதிக்கம் செய்வதாகக் கொள்ளலாம் என்று 1997 முதல் விதி. பிரான்சின் முறை எனக்கு இன்னும் சுவையானது. அங்கே ஒளிபரப்பு ஆணையம் அரசியல்வாதிகள் பேசும் நேரத்தைக் கணக்கு வைக்கிறது. அரசுத் தரப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதம் மற்றக் கட்சிகளுக்கு அவற்றின் பலத்துக்கு ஏற்ப. ஆனால் ஒரு சேனல் அரசியல்வாதிகளின் நேரத்தைச் சரியாகப் பங்கிட்டுவிட்டு, கட்சி சாராத விமர்சகர்கள் என்ற பெயரில் ஒரே பக்கம் சாய்ந்தவர்களை நாள் முழுக்கப் பேச வைத்தால்? சிநியூஸ் என்ற செய்திச் சேனல் தொடர்பாக எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், நெறியாளர்கள், கருத்தாளர்கள், விருந்தினர்கள் உட்படப் பேசும் எல்லாரையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் விவாதங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு எங்கே வந்து தொடுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. திரையில் ஆறு கட்டம். நான்கில் கட்சிக்காரர்கள். மற்ற இரண்டில் ‘அரசியல் விமர்சகர்’, ‘மூத்த பத்திரிகையாளர்’. அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் சாய்வு எல்லாருக்கும் தெரியும். எழுதி வைத்தவர் யாரும் இல்லை. இன்னொன்று: அந்த நால்வரும் நான்கு வேறு கட்சிகள் என்றால், கட்சி வைத்து எண்ணினால் பன்மை 4. அதே நால்வரையும் ஊர் வைத்து எண்ணுங்கள்: நால்வரும் சென்னை. பால் வைத்து எண்ணுங்கள்: நால்வரும் ஆண்கள். தொழில் வைத்து எண்ணுங்கள்: நால்வருக்கும் பேசுவதே தொழில். பேசப்படும் பொருள் நெல் கொள்முதல் நிலையங்களில் தேங்கிய மூட்டைகள் என்றால், அந்த மூட்டையைக் கண்ட யாரும் அங்கே இல்லை. எந்தக் கேள்வியை வைத்துப் பிரிக்கிறோமோ அதற்கேற்பத்தான் எண் வரும். அதனால் ஒரே எண்ணாகச் சுருக்கி, முதலிடம், இரண்டாமிடம் என்று சேனல்களை வரிசைப்படுத்தாதீர்கள். பொருள், ஊர், பால், பேசுபவரின் தகுதிநிலை, கருத்து நிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள்.

சாதியையும் விட முடியாது. நியூஸ்லாண்ட்ரியும் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தி, ஆங்கில ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106-இல் உயர்சாதியினர் இருப்பதாகவும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை என்றும் சொன்னது. தமிழில் அதைச் செய்யும்போது உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வரும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு இங்கே பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் படிப்படியாக மறைந்தது. பெயரைப் பார்த்து ஊகிக்க முடியாது, ஊகிக்கவும் கூடாது. பங்கேற்பாளர்களிடம் நேரில் கேட்டு, அவர்கள் விரும்பிச் சொன்னால் மட்டுமே, பெயரில்லாமல் மொத்தமாகச் சேர்த்து வெளியிட வேண்டும். பலர் சொல்ல மாட்டார்கள். எத்தனை பேர் சொல்லவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

இந்தியச் சட்டம் இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச் சொத்து, அதில் அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது, பலதரப்பட்ட கருத்துகளை அறிவது குடிமக்களின் பேச்சுரிமையில் அடங்கியது என்று சொன்னது. 2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஊடக உரிமைக் குவிப்பை மொழிச் சந்தைவாரியாக ஹெர்ஃபிண்டால் குறியீட்டால் அளக்க வேண்டும் என்றும், அரசியல் கட்சிகளும் மத அமைப்புகளும் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. நிறைவேறியிருந்தாலும் அது உரிமையாளரைத்தான் எண்ணியிருக்கும். நாப்போலி பிரித்த மூன்றில் மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன.

பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழுவினர் 1975-இல், வீடியோ ரெக்கார்டர் அரிதாக இருந்த காலத்தில், பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்திகளை மாதக்கணக்கில் பதிவு செய்து, வரிவரியாகப் பிரித்து எண்ணினார்கள். தொழிற்சாலைகளின் சிக்கல்களுக்கு வேலைநிறுத்தமே காரணம் என்ற தோற்றத்தைச் செய்திகள் தந்ததையும், முதலீட்டுக் குறைபாடும் நிர்வாகத் தவறுகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டதையும் அடுத்த ஆண்டே நூலாக வெளியிட்டார்கள். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, குறித்த ஒரே நாளில், பல நாடுகளின் தன்னார்வலர்களை வைத்துச் செய்திகளை எண்ணுகிறது. செய்தியில் இடம்பெறுபவர்களில் பெண்கள் 1995-இல் 17 சதவீதம், 2020-இல் 25 சதவீதம். இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டே புள்ளிகள் நகர்ந்திருக்கின்றன என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கு, அன்றைக்கு உட்கார்ந்து எண்ணியவர்கள்தான் காரணம். டெல்லியில் பாஸ்கர ராவ் தொடங்கிய ஊடக ஆய்வு மையமும் இரவு முதன்மை நேரச் செய்திகளைப் பல ஆண்டுகள் இப்படித் தொடர்ந்தது. தமிழில் இதைத் தொடர்ச்சியாக, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்படி செய்ய வேண்டும்.

உங்களுக்கு வேலை அவர்களைவிட எளிது. செய்திச் சேனல்கள் பலவும் நேரலையாக யூடியூபில் கிடைக்கின்றன. ஒரு பருவத்துக்கு ஒரு செயற்கை வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் வாரத்தின் திங்கள், இரண்டாம் வாரத்தின் செவ்வாய், மூன்றாம் வாரத்தின் புதன் என்று ஏழு நாட்கள். தொடர்ந்து ஏழு நாட்களை எடுத்தால் அந்த வாரத்தின் பெரிய நிகழ்வு ஒன்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இரவு ஏழு முதல் பதினொன்று வரை பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் தாளில் ஒரு வரி. பொருள் என்ன, எத்தனை நொடி, எந்த மாவட்டம், பைட் கொடுத்தவர்கள் யார் யார், அமைச்சரா, அதிகாரியா, காவல்துறையா, கட்சிக்காரரா, பாதிக்கப்பட்டவரா, ஆணா பெண்ணா, காட்சி சேனலின் கேமராவில் எடுத்ததா, கட்சியோ அரசோ அனுப்பிக் கொடுத்ததா, யாரோ செல்போனில் எடுத்ததா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே அனுப்பிக் கொடுத்த காட்சி ஆறு சேனல்களில் ஓடினால் அங்கே ஆறு கண்கள் இல்லை. மாவட்ட நிருபர்களைக் குறைத்துக்கொண்டே போன செய்தி அறைகளில் இது எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். வெளியே இருப்பவர்களுக்கு அதைக் காட்டும் எண் வேண்டும்.

ஒரே துண்டை இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு கிளாஸ் கிரிப்பன்டார்ஃபின் ஆல்ஃபா கணக்கு இருக்கிறது, 0.8 வந்தால் நம்பலாம், 0.667-க்குக் கீழே போனால் அந்தக் கேள்வியையே திருத்தி எழுத வேண்டும். மாவட்டம், நொடி, பால் ஆகியவற்றில் எளிதாக ஒத்துப்போகும். கருத்து நிலையில் தடுமாறுவீர்கள். தடுமாறட்டும். ஒரு பேச்சை ஒருவர் அரசு ஆதரவு என்றும் மற்றவர் நடுநிலை என்றும் குறித்த இடங்களைத் தனியே எடுத்து வகுப்பில் போட்டுப் பேசுங்கள். மூன்றாண்டுப் படிப்பில் அதைவிடப் பயனுள்ள வகுப்பு உங்களுக்குக் கிடைக்காது.

ஒளிபரப்பானதை எண்ணினால் மட்டும் போதாது, ஒளிபரப்பாகாததும் ஒரு கணக்கு. அதற்கு வெளியே ஓர் அடிப்படை வேண்டும். தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகள் அதற்கு உதவும். அதே ஏழு நாட்களில் திருநெல்வேலி, தருமபுரி, நாகப்பட்டினம் பதிப்புகளின் உள்ளூர்ப் பக்கங்களில் வந்த செய்திகளைப் பட்டியலிட்டு, அவற்றில் எத்தனை எந்தச் சேனலிலாவது ஒரு நிமிடமேனும் வந்தன என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். புயலோ கொலையோ ரெய்டோ இல்லாத ஒரு சாதாரண நாளின் ஒன்பது மணியில் அவற்றில் எத்தனை தெரிகின்றன? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது கேமராக்கள் டெல்டாவுக்குப் போயின. விழுந்த தென்னைக்கு மாற்றாக நட்ட கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும்; அந்த ஆண்டுகளில் பேராவூரணியும் பட்டுக்கோட்டையும் எத்தனை நிமிடம் வந்தன என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் எண்ணவில்லை.

இந்தக் கணக்கின் மூன்றாவது பகுதி வீடு. பார்க் தரவு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் இருப்பீர்கள். ஒவ்வொருவரும் தெரிந்த சில வீடுகளில் ஒரு வார நாட்குறிப்பு வைக்கச் சொல்லுங்கள்: எந்தச் சேனல், எவ்வளவு நேரம், ரிமோட் யார் கையில். அது மாதிரிக் கணக்கெடுப்பின் இலக்கணத்துக்கு உட்பட்டதாக இருக்காது. மாநிலம் முழுமைக்கும் பொருந்தும் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் ஒன்பது மணிக்குச் சீரியல் ஓடும் வீட்டில் யாருக்கு எந்த வழியில் செய்தி போகிறது என்பது அதில்தான் தெரியும். செல்போனையும் சேர்த்துக் கேளுங்கள். இன்றைக்கு ஒரு மணி நேர விவாதம் இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் பரவுகிறது. விவாதத்தில் ஆறு பேர் பேசியிருந்தாலும், கைக்கு வந்த துண்டில் ஒருவர் மட்டும் மற்றவரை மடக்குகிறார். நிகழ்ச்சியை எண்ணினால் பன்மை. துண்டை எண்ணினால் ஒற்றைக் குரல். என் கவலையில் பெரும்பகுதி இப்போது இங்கேதான் இருக்கிறது.

செய்தி அறையில் இருப்பவர்களை எதிரிகளாக நினைத்து இதைத் தொடங்காதீர்கள். அங்கே இருப்பவர்களில் பலர் உங்கள் துறைகளில் படித்துப் போனவர்கள். கரும்பு விவசாயியின் ஃபோனோவை ரன் டவுனில் வைத்திருக்க ஆசைப்படும் ஒரு டெஸ்க் ஆசிரியருக்கு, வியாழக்கிழமைக் கூட்டத்தில் எடுத்துக் காட்ட இன்று ஒரு தாளும் இல்லை. ரேட்டிங் கோட்டைக் காட்டுபவர் கையில் எண் இருக்கிறது. இவர் கையில் மனச்சாட்சி மட்டும். இவருக்கும் ஓர் எண்ணைக் கொடுங்கள்.

அறிக்கை முடிந்ததும், வெளியிடும் முன் ஒவ்வொரு சேனலின் ஆசிரியருக்கும் அவருடைய பகுதியை அனுப்பி, இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். அவர்கள் மறுத்து எழுதினால் அதையும் அறிக்கையிலேயே அச்சிடுங்கள். குறிப்புத் தாளையும், எப்படிப் பிரித்தீர்கள் என்ற விதிகளையும், பதிவு செய்த நாட்களின் பட்டியலையும் எல்லாரும் எடுக்கும்படி வையுங்கள். உங்கள் எண் தவறு என்று யாராவது வந்தால் அந்தத் தாளையே அவர்கள் கையில் கொடுங்கள். அதே ஏழு நாட்களை அவர்களும் எண்ணட்டும்.

அன்புடன்,
செய்தி மேசையில் பணியாற்றிய ஒருவர்